மலைச்சாலைக்கும் தோட்டத்துச் சேற்றுக்கும் ஒரே லாரி: டயரில் எத்தனை பவுண்டு காற்று வைப்பது?

அரவேணு_லோடு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியை அடுத்த அரவேணுப் பக்கத்தில் சொந்தமாக ஓர் ஆறு சக்கர மினி லாரி வைத்து ஓட்டுகிறேன். வாரத்தில் நான்கு நாட்கள் தோட்டங்களிலிருந்து பச்சைத் தேயிலையை ஃபேக்டரிக்கு ஏற்றுகிறேன். மற்ற நாட்களில் கேரட், உருளைக்கிழங்கு மூட்டைகளைக் குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குகிறேன். டயர்கள் 7.50 ஆர் 16 அளவுள்ள ரேடியல், டியூப் போட்டவை. கதவோரத்தில் ஒட்டியுள்ள தாளில் முழு லோடுக்கு 80 பவுண்டு என்று போட்டிருக்கிறது. ஆனால் காற்று பிடிக்கும் இடங்களில், 'லோடு வண்டிதானே' என்று சொல்லி 90 வைத்து அனுப்பிவிடுகிறார்கள்; நானும் இதுவரை அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

இந்த ஐப்பசி மழையில்தான் சிக்கல் தொடங்கியது. நான் இலை எடுக்கும் தோட்டம் ஒன்றில் தார்ச்சாலையிலிருந்து பிரிந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டர் மண்பாதையில் ஏற வேண்டும். காலியாக ஏறும்போது பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றுகின்றன; இரண்டு முறை டிராக்டர் கட்டித்தான் இழுத்தோம். வியப்பு என்னவென்றால், லோடு ஏற்றிய பிறகு அதே பாதையில் வண்டி அவ்வளவாக வழுக்குவதில்லை. சேற்றில் இறங்கும் முன் காற்றைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிச் சிலர் யோசனை தருகிறார்கள். எவ்வளவு குறைப்பது, எல்லாச் சக்கரங்களிலும் குறைக்க வேண்டுமா, அதே காற்றோடு மலை இறங்கலாமா என்பதே என் கேள்வி.

கூடவே இன்னொரு சந்தேகம். சில நாள் நானே கேட்டு, மேட்டுப்பாளையத்தில் மதியம் சரியாக 80 வைத்துக்கொண்டு வந்தாலும், மறுநாள் விடியற்காலையில் வீட்டில் கேஜ் வைத்துப் பார்த்தால் 75, 76 தான் காட்டுகிறது. கேஜ் எட்டும் டயர்கள் எல்லாம் ஒரே மாதிரி குறைகின்றன. எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கசிவு இருக்க முடியுமா?

கல்லாறு_டயர்

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கு விடை தெரியாமல் மற்றதைப் பேசினால் கணக்கு தவறிவிடும். நீங்கள் பார்த்தது கசிவு அல்ல. மேட்டுப்பாளையத்தில் மதியம் 33 டிகிரி வெயிலில் பிடித்த காற்று, கோத்தகிரியின் 10 டிகிரிக் குளிரில் சுருங்கி ஏறத்தாழ 7 பவுண்டு இறங்கும். அதே சமயம் நீங்கள் 1,500 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டதால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, கேஜில் இரண்டரை பவுண்டு கூடுதலாகக் காட்டும். ஏழு போய் இரண்டரை வந்தால் மீதம் நாலரை குறைவு. நீங்கள் பார்த்த 75 அதுதான். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் உதகைக் காலையில் பார்த்தால் இன்னும் இரண்டு பவுண்டு குறைவாகக் காட்டும். இதையே திருப்பிப் பாருங்கள்: கோத்தகிரிக் குளிரில் 80 வைத்துக்கொண்டு கீழே வந்தால், வண்டி ஓடிய சூட்டைக் கணக்கில் சேர்க்காமலேயே மேட்டுப்பாளையத்தில் 85 இருக்கும்.

ஆகவே, காற்றை எப்போதும் வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு, அது நிற்கும் ஊரிலேயே, குளிர்ந்த டயரில் அளக்க வேண்டும். மலை இறங்கி வந்து சூடாக நிற்கும் டயரில் 95 காட்டுகிறதே என்று வால்வை அழுத்திக் காற்றை விடுகிறவர்களை நான் வாரம் ஒருவராவது பார்க்கிறேன். அந்தச் சூட்டில் ஒரு பகுதி, பிரேக் டிரம்மிலிருந்து ரிம் வழியாக ஏறிய சூடு. அதை நம்பிக் காற்றை இறக்கினால், ஆறிய பிறகு டயர் உண்மையிலேயே காற்றுக் குறைந்த டயராகிவிடும்.

இனி சேற்றுக்கு வருகிறேன். காற்றின் அளவைத் தீர்மானிப்பது பாதை அல்ல, ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் இருக்கும் எடைதான். பாதையும் வேகமும் அதற்கு அடுத்தபடிதான் வரும். டயரைத் தயாரிப்பவர்கள் எல்லோரும் இத்தனை கிலோவுக்கு இத்தனை பவுண்டு என்று ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். டயரின் பக்கச் சுவரில் பொறித்திருக்கும் அழுத்தம், அந்த டயர் தாங்கும் உச்ச எடைக்கு உரியதே தவிர, உங்கள் வண்டிக்கு உரியது அல்ல. கதவோரத் தாளில் உள்ள 80 உங்கள் வண்டி முழு லோடில் இருக்கும்போது பொருந்துவது. காலி வண்டியில் பின்சக்கரத்தின் மேல் உள்ள எடை, லோடு வண்டியில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த நிலையில் 90 பவுண்டு காற்று இருந்தால் டயர் கல் உருளை போல விறைத்து நிற்கும். தரையைத் தொடும் பரப்பு உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிடும். காலியாக ஏறும்போது சுற்றிய சக்கரம் லோடோடு சுற்றாததற்கு இதுவே காரணம்.

எனவே யாரும் சொல்லும் எண்ணை வாங்கிக்கொண்டு போவதற்கு முன், எடை மேடையில் வண்டியை மூன்று முறை ஏற்றுங்கள்: காலியாக, பச்சை இலையோடு, உருளைக்கிழங்கோடு. ஒவ்வொரு முறையும் முழு எடையைப் பார்த்துவிட்டு, பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி இன்னொரு சீட்டு வாங்குங்கள். கழித்தால் முன் அச்சின் எடை கிடைத்துவிடும்.

கேத்தி_கேரட்

இவ்வளவு கணக்குப் பார்த்தால் கேரட் வாடிவிடும், அண்ணா. நான் மழைக்காலம் முழுவதும் பின்சக்கரங்களில் 50 வைத்துத்தான் ஓட்டுகிறேன். காட்டுக்குள்ளும் அதுதான், மண்டிக்கும் அதுதான். மூன்று ஆண்டுகளாக எந்தத் தொந்தரவும் வந்ததில்லை. வண்டியும் குலுங்காமல் மெத்தென்று போகிறது.

வெலிங்டன்_பென்ஷன்

கேத்தித் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. மூன்று ஆண்டுகள் தொந்தரவு வரவில்லை என்பது, சேதம் வெளியே தெரியவில்லை என்பதைத்தான் காட்டுகிறது. இருபத்திரண்டு ஆண்டுகள் ராணுவத்தில் லாரி ஓட்டிய பழக்கத்தில் சொல்கிறேன். ராஜஸ்தான் மணலில் நாங்களும் காற்றைக் குறைத்துத்தான் ஓட்டினோம். குறைக்காத வண்டி அச்சு வரைக்கும் புதைந்துபோகும். ஆனால் மணலை விட்டுத் தாருக்கு ஏறிய இடத்திலேயே, எத்தனை வண்டிகள் இருந்தாலும் வரிசையாக நிறுத்தி, காற்றைத் திரும்பப் பிடித்த பிறகுதான் கான்வாய் நகரும். மணலில் காற்றைக் குறைத்ததற்கு ஈடாக வேகத்தையும் குறைத்துவிடுகிறோம். தாரில் ஏறியதும் வேகம் கூடுகிறது. காற்றும் கூடியாக வேண்டும். வண்டியில் உட்கார்ந்தபடியே டயர் காற்றை ஏற்றவும் இறக்கவும் முடிகிற அமைப்பை, நீரிலும் நிலத்திலும் ஓடும் அமெரிக்க ராணுவ லாரிகளில் இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே பொருத்தினார்கள் என்றால், குறைத்ததைத் திரும்பப் பிடிப்பது எவ்வளவு முக்கியமான வேலை என்பதைப் புரிந்துகொள்ளலாம்.

காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவரில் மடிந்து நிமிர்கிறது. அந்த மடிப்பில் சூடு பிறக்கிறது. சூட்டில் ரப்பரும் உள்ளிருக்கும் நூலோ கம்பியோ ஒன்றை ஒன்று விட்டு விலகுகின்றன. பக்கச் சுவரில் கம்பி வைத்த பெரிய லாரி ரேடியலாக இருந்தால் அந்தக் கம்பிகள் ஒவ்வொன்றாக முறிந்து, பின்னொரு நாள் காற்றுப் பிடிக்கும்போது சட்டைப் பட்டன்கள் வரிசையாகத் தெறிப்பதுபோலச் சுவர் கிழியும். தேவையான அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே காற்று இறங்கிய நிலையில் சாலையில் ஓடிய லாரி டயரை, காற்றே இல்லாமல் ஓடிய டயராகக் கருதி, ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே பார்க்க வேண்டும் என்பது டயர்த் தொழிலில் ஏற்றுக்கொண்ட விதி. 80 பவுண்டு வேண்டிய வண்டிக்கு அந்த எல்லை 64. தம்பி ஓட்டுவது 50இல், அதுவும் லோடோடு, மேட்டுப்பாளையம் வரை.

பின்னால் பக்கத்துக்கு இரண்டாக மாட்டிய ஜோடிச் சக்கரங்களில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. ரேடியல் டயரின் வயிறு காற்றுக் குறைந்தால் பக்கவாட்டில் பிதுங்கும். ஒற்றைச் சக்கரமாக இருந்தால் கேடு குறைவு. ஜோடியில் உள் டயரின் வயிறும் வெளி டயரின் வயிறும் உரசிக்கொள்ளும். இடையில் ஒரு ஜல்லிக்கல் மாட்டிக்கொண்டால் இரண்டையும் அது அரைத்துவிடும். தோட்டத்துக்குள் காற்றைக் குறைப்பவர், லோடு ஏறிய நிலையில் இரண்டு டயர்களுக்கும் நடுவே தரைக்கு அருகில் விரல் நுழைய இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

முன்சக்கரங்களில் காற்றைத் தொடவே தொடாதீர்கள். வண்டியை உந்துவது பின்சக்கரம். ஆகவே சேற்றில் முன்டயரைக் குறைப்பதால் கிடைக்கும் ஆதாயம் மிகச் சிறிது. இறக்கத்தில் பிரேக்கை அழுத்தும்போதோ எடையெல்லாம் முன்னால் சாய்கிறது. கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்புவதும் அந்த இரண்டு டயர்கள்தான்.

எஸ்டேட்_ரைட்டர்

தோட்டத்துப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எல்லாச் சேறும் ஒன்றல்ல. எங்கள் பாதைகளில் பெரும்பாலானவை கல் பாவி அதன் மேல் செம்மண் படிந்தவை. அங்கே வழுக்குவது மேலே உள்ள இரண்டு விரற்கடை மண்தான். அடியில் கல் இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் காற்றைக் குறைப்பதைவிட, தேயாத ஆழமான பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு) உள்ள டயரே உதவும். அது மண்ணைக் கிழித்துக் கல்லைப் பிடிக்கும். மொட்டை டயரில் எத்தனை பவுண்டு வைத்தாலும் ஒன்றுதான். மாறாக, புதிதாகக் கொத்திய பாதையிலும், ஊற்று நீர் நிற்கும் பள்ளங்களிலும் மண் ஆழமாக நெகிழ்ந்திருக்கும். அங்கே காற்றைக் குறைத்த டயர் பரந்து மேலாக மிதந்து போகும், பாதையிலும் தடம் குறைவாக விழும். குறைத்த காற்றோடு கூரிய கல் நிறைந்த இடத்தில் போனால், அடிப்பாகம் தப்பினாலும், பிதுங்கிய பக்கச் சுவர் கிழிபடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அடிப்பாகத்தில் ஏற்படும் துளைக்குப் பஞ்சர் ஒட்டலாம், சுவர் கிழிந்தால் டயர் போனதுதான்.

அரவேணு_லோடு

விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. எடை மேடைக்குப் போய் வந்தேன். காலி வண்டி மொத்தம் 2,500 கிலோ. அதில் பின் அச்சு 1,100. பச்சை இலையோடு மொத்தம் 4,200, பின் அச்சு 2,600. உருளைக்கிழங்கோடு மொத்தம் 5,300, பின் அச்சு 3,600. கல்லாறு அண்ணன் சொன்னது அப்படியே சரியாக இருக்கிறது: பின்பக்கம் ஒரு டயருக்குக் காலியில் 275 கிலோ, இலையோடு 650, கிழங்கோடு 900.

சொல்ல வெட்கமாக இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எடை போடும்போது நான்கு பின்டயர்களிலும் கேஜ் வைத்துப் பார்த்தேன். வெளி டயர்கள் 88 காட்டின. இடப்பக்க உள் டயரில் 58 மட்டுமே இருந்தது. உள் டயர்களை வழக்கமாக இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பதோடு சரி. தட்டியபோது அந்த டயரும் நல்ல சத்தம்தான் கொடுத்தது.

இரண்டு கேள்விகள் மீதம் இருக்கின்றன. என் வண்டியில் ஏர் பிரேக் கிடையாது, ஆயில் பிரேக்தான்; ஆகவே தோட்டத்து வாசலில் காற்றைத் திரும்பப் பிடிக்க டாங்க் இல்லை. பேட்டரியில் ஓடும் சிறிய கம்ப்ரஸர் போதுமா? அந்த 58 டயரை அப்படியே காற்றடித்து ஓட்டலாமா?

கல்லாறு_டயர்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. 58 என்பது வெலிங்டன் ஐயா சொன்ன 64க்குக் கீழே. அந்த நிலையில் கிழங்கு ஏற்றி மலை இறங்கியிருக்கிறீர்கள். வண்டியில் மாட்டியபடியே அதற்குக் காற்று அடிக்காதீர்கள். மீதிக் காற்றையும் வால்வு ஊசியைக் கழற்றி முழுவதும் வெளியேற்றிவிட்டு, சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். சுவரின் உட்புறம் ரப்பர் தூளாகி இருந்தாலோ, சுருக்கமோ நீலம் பாய்ந்த நிறமோ தெரிந்தாலோ அந்த டயரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். டியூப்பையும், அதற்கும் ரிம்முக்கும் நடுவே இருக்கும் ரப்பர் பட்டையான ஃபிளாப்பையும் பாருங்கள்: காற்றுக் குறைந்த டயர் ரிம்மின் மேல் நகரும், அப்போது வால்வின் அடிப்பகுதி இழுபட்டுக் கிழியத் தொடங்கும். உங்கள் ரிம் ரிங் (டயரைப் பிடித்து நிறுத்தும் தனி இரும்பு வளையம்) வைத்ததாக இருந்தால், மறுபடியும் காற்று அடிக்கும்போது ரிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, இரும்புக் கூண்டுக்குள்ளோ, கூண்டு இல்லாவிட்டால் சங்கிலி கட்டியோதான் அடிக்க வேண்டும். யாரும் ரிங்குக்கு நேராகக் குனியக் கூடாது. ரிங் தெறித்து ஆள் போன கதைகள் எங்கள் தொழிலில் எல்லா ஊரிலும் உண்டு.

தட்டிப் பார்ப்பதைப் பற்றி: கம்பியால் தட்டினால் முழுவதும் காற்று இறங்கிய டயர் எது என்று தெரியும், 88க்கும் 58க்கும் உள்ள வேறுபாடு தெரியாது. உள் டயரின் வால்வு கைக்கு எட்டாததால்தான் அதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வால்வு நீட்டிப்புக் குழாய் ஒன்று போட்டு, அதைச் சக்கரத்தோடு இறுக்கமாகப் பிடித்து வைத்துவிடுங்கள். ஜோடியில் ஒன்று தளர்ந்தால் மற்றது இரண்டின் எடையையும் சுமக்கிறது. நீங்கள் சொன்ன 900 கிலோவில் பெரும்பகுதி அந்தப் பக்கத்து வெளி டயரின் மேல் போயிருக்கும். அதையும் பிரித்துப் பாருங்கள்.

இனிக் காற்றின் அளவு. தாரில் முழு லோடுக்குக் குளிர்ந்த நிலையில் 80, அதற்கு மேல் வேண்டாம். உங்கள் மொத்த எடையைப் பார்க்கும்போது 90க்கு எந்தத் தேவையும் இல்லை. தோட்டத்துப் பாதையில் பின்பக்கம் குதித்திருந்தால் அதற்கும், பட்டன் நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் அதற்கும் அந்தக் கூடுதல் 10 பவுண்டு ஒரு காரணம். வெறும் 80க்கு வந்தாலே உங்கள் சேற்றுப் பிரச்சினையில் ஒரு பகுதி தீரும். அதிலும் தீராவிட்டால், மண்பாதை தொடங்கும் இடத்தில் பின்சக்கரங்கள் நான்கிலும் சமமாக 60 வரை இறக்கலாம். தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். 275 கிலோ சுமக்கும் டயருக்கு 60 பவுண்டு தாராளம். 650 கிலோ இலையோடு மெதுவாக, மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் போகாமல், 2 கிலோமீட்டர் இறங்கி வருவதற்கும் அது தாங்கும். உங்கள் டயர் நிறுவனத்தின் அட்டவணையை டீலரிடம் கேட்டு வாங்கி ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 60க்குக் கீழே நான் போகமாட்டேன். டியூப் போட்ட டயர் ரிம்மில் நகரும் பயம் அங்கிருந்து கூடுகிறது.

கம்ப்ரஸர் விஷயத்தில்தான் இந்தத் திட்டம் நிற்பதும் விழுவதும். கார்களுக்கு விற்கும் சிறிய கம்ப்ரஸர், டப்பாவின் மேல் 150 பவுண்டு என்று போட்டிருந்தாலும், உங்கள் அளவு டயர் ஒன்றை 60இலிருந்து 80க்குக் கொண்டுவரவே பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். நான்கு டயர்களை முடிப்பதற்குள் சூடேறி நின்றுவிடும், நடுவில் ஆறவிட வேண்டும். பேட்டரியில் நேரடியாகக் கவ்வி மாட்டும் இரட்டைச் சிலிண்டர் வகை பரவாயில்லை, ஆனால் மழையில் தினமும் அரைமணி நேரம் உட்கார நீங்கள் தயாராக இருக்க வேண்டும். இலை இறக்கும் ஃபேக்டரியில் கம்ப்ரஸர் இருந்து, தோட்டத்து வாசலிலிருந்து அது ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால், மெதுவாக அங்கே வந்து பிடித்துக்கொள்வது எளிது. இரண்டும் இல்லையென்றால் காற்றைக் குறைக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். குறைத்துவிட்டுத் திரும்பப் பிடிக்காமல் குஞ்சப்பனைப் பக்கம் இறங்குவதைவிட, மாதம் ஒருமுறை டிராக்டருக்குப் பணம் கொடுப்பது மலிவு.

அரவேணு_லோடு

உள் டயரைப் பிரித்துப் பார்த்தாயிற்று. சுவரின் உட்புறத்தில் கைவிரல் நீளத்துக்கு ரப்பர் உரிந்து கறுப்புத் தூளாகக் கொட்டியது, ஒதுக்கிவிட்டேன். வெளி டயர் தப்பித்தது. ஆறிலும் 80 வைத்துக்கொண்டு, பின் அச்சுக்கு மேலே எட்டு மணல் மூட்டைகளைப் போட்டுப் பார்த்ததில், நேற்று மழை விட்ட பிறகு அந்த ஏற்றத்தில் இழுவை இல்லாமல் ஏறினேன். கடைசி வளைவில் மட்டும் கொஞ்சம் சுற்றியது. எஸ்டேட்காரர் சொன்னதுபோல அந்த இடத்தில் ஊற்றுத் தண்ணீர் நிற்கிறது. கல் கொட்டித் தரும்படி தோட்டத்தில் கேட்டிருக்கிறேன். இறங்கும்போது இலை ஏறிவிடுவதால் மணல் மூட்டைகளை மேலேயே இறக்கி வைத்துவிட்டு வர இடம் கொடுத்திருக்கிறார்கள்.

கேத்தி_கேரட்

அண்ணா, நானும் இன்று காலை ஒரு பின்டயரைப் பிரிக்கக் கொடுத்திருக்கிறேன். கடைக்காரர் டயரை இன்னும் உருட்டிக்கொண்டு வரவில்லை. வந்ததும் படம் போடுகிறேன்.